புதிய செடானா, நான்காண்டு ஓடியதா? முதலில் பின் சீட்டில் உட்காருங்கள்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். நானும் மனைவியும், ஒன்பது வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள என் அம்மா. நடுத்தர அளவுள்ள செடான் ஒன்று வாங்க எண்ணியிருக்கிறோம். கையில் உள்ள தொகைக்குப் புதிய காரின் அடிப்படை வகை கிடைக்கிறது. அதே தொகைக்கு, அதைவிடச் சற்றுப் பெரிய காரில் எல்லா வசதிகளும் கொண்ட உயர் வகை, நான்கு ஆண்டுகள் ஆனது, 62,000 கிலோமீட்டர் ஓடியது, ஒன்றும் கிடைக்கிறது. எதை எடுப்பது? பழையதை எடுப்பதானால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: புதியதா பழையதா என்பதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். இரண்டு கார்களில் எது உங்கள் ஐந்து பேரையும் சிரமமில்லாமல் ஏற்றிக்கொள்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பல ஆண்டுகளாக வாங்குபவர்கள் சார்பில் கார்களைச் சோதித்துச் சொல்வதே என் வேலை. பெரும்பாலானோர் நேராக ஓட்டுநர் இருக்கையில் ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்து, திரையைத் தொட்டுப் பார்த்து மனத்துக்குள் முடிவு செய்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து எனக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் பின் சீட்டைப் பற்றியவை. உங்கள் வீட்டில் ஐந்தில் மூன்று பேர் அங்கேதான் உட்காரப் போகிறார்கள்.

அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். செடானின் கூரை பின்பக்கம் சரிந்து இறங்குவது. வெளியிலிருந்து பார்க்க அழகு, ஆனால் ஏறும்போது தலையைக் குனிந்து, உடலைத் திருப்பி, தாழ்வான இருக்கையில் அமர வேண்டும். அவரை யாரும் கைகொடுக்காமல் ஏறச் சொல்லுங்கள். உட்கார்ந்தபின் தொடை முழுவதும் இருக்கையில் படிந்திருக்கிறதா, அல்லது முழங்கால் மேலே தூக்கி நிற்கிறதா என்று பாருங்கள். தூக்கி நின்றால் இருக்கை அவருக்குத் தாழ்வு. அரை மணி நேரப் பயணத்திலேயே இடுப்பும் முழங்காலும் வலிக்கத் தொடங்கிவிடும். பிறகு இறங்கச் சொல்லுங்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் உண்மை தெரியும்: கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தன்னை இழுத்துக்கொண்டு எழுகிறாரா, கால் வைக்கப் போதிய இடைவெளி கதவுக்கும் முன் இருக்கைக்கும் நடுவில் இருக்கிறதா. இதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

அடுத்தது மூன்று வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்குரிய இருக்கையை வீட்டிலிருந்து எடுத்துச் சென்று அங்கேயே பொருத்திப் பாருங்கள். பிள்ளையின் இருக்கையைக் காரின் சட்டத்தோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலான செடான்களில் பின் சீட்டின் இரு ஓரங்களில் மட்டுமே இருக்கும். ஆகவே ஓர் ஓரம் சின்னப் பிள்ளைக்கு, மறு ஓரம் அம்மாவுக்கு, நடுவில் ஒன்பது வயதுப் பிள்ளை என்றாகிவிடும். இப்போது நடு இருக்கையைக் கவனியுங்கள். அங்கே தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட்டா? தலைக்குத் தாங்கல் உண்டா? தரையின் நடுவில் மேடு எவ்வளவு உயரம்? பிள்ளையின் இருக்கை பொருத்திய பின் நடு பெல்ட்டின் பூட்டு அதனடியில் புதைந்து போகிறதா? கடைசியாகச் சொன்னதை ஷோரூமில் யாரும் காட்ட மாட்டார்கள். பிள்ளை தானே கையை விட்டுப் பூட்டமுடியாத பெல்ட்டை ஒரு மாதத்தில் யாரும் போடாமல் விட்டுவிடுகிறார்கள். இதை நான் நிறையக் குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். நடு இருக்கைக்குத் தகுந்த பெல்ட் இல்லாத காரை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், அது புதியதாக இருந்தாலும்.

பாதுகாப்பு நட்சத்திரங்களைப் பற்றி ஒரு சொல். கார்களை மோதவைத்துச் சோதித்து நட்சத்திர மதிப்பீடு தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 1997 முதல் மோதல் சோதனை முடிவுகளை வெளியிட்டு வருகிறது. சோதனை விதிகள் காலப்போக்கில் கடுமையாகிக்கொண்டே வந்திருக்கின்றன. அதனால் பத்தாண்டுக்கு முன் பெற்ற ஐந்து நட்சத்திரமும் அண்மையில் பெற்ற ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. மதிப்பீட்டோடு எந்த ஆண்டுச் சோதனை என்பதையும் பாருங்கள். இன்னொன்று, நீண்ட காலம் முன் இருக்கையில் உள்ளவர்களை மையமாக வைத்தே பல சோதனைகள் நடந்தன. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2022இல்தான் முன்பக்க மோதல் சோதனை ஒன்றில் ஓட்டுநருக்குப் பின்னால், சிறிய உருவமுள்ள பெண்ணின் அல்லது 12 வயதுப் பிள்ளையின் அளவுள்ள பொம்மையை உட்காரவைத்து மதிப்பிடத் தொடங்கியது. முன் இருக்கையில் நன்றாகத் தேறிய சில கார்கள் பின் இருக்கையில் தேறவில்லை. உங்கள் இரண்டு கார்களுக்கும் பின் இருக்கை முடிவு கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பக்கவாட்டுத் திரை ஏர்பேக்கும், வண்டி வழுக்கும்போது தானே கட்டுப்படுத்தும் மின்னணு நிலைப்புக் கருவியும் அடிப்படை வகையில் விட்டுப்போயிருக்கலாம். நான்கு ஆண்டுக்கு முந்தைய உயர் வகையில் அவை இருந்து, புதிய அடிப்படை வகையில் இல்லை என்றால் பழையதன் பக்கம் என் தராசு சாயும்.

டிக்கியை லிட்டர் கணக்கில் பார்க்காதீர்கள். வாய் எவ்வளவு அகலம், விளிம்பு எவ்வளவு உயரம், மூடியின் வளைந்த கைகள் மூடும்போது பெட்டியை நசுக்குகின்றனவா என்று பாருங்கள்.

இனி பழைய வண்டிக்கு வருவோம். முதல் நிபந்தனை ஒன்றே ஒன்று: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ச் சேருங்கள். விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று. போனதும் போனெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். இளஞ்சூடு இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடலாம், அதில் கூச்சமே வேண்டாம். ஒருமுறை நான் அந்த விதியை மீறினேன். என் உறவினருக்காகப் பார்க்கப் போன வண்டி சூடாக இருந்தது. இப்போதுதான் கழுவி நகர்த்தி வைத்தேன் என்றார் விற்றவர். நம்பினேன். சூட்டில் பஞ்சுபோல ஓடிய அதே எஞ்சின், வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐந்து நொடி சங்கிலி உரசும் சத்தம் போட்டது. எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் இயங்க வைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தது. ஆயிலை உரிய காலத்தில் மாற்றாத வண்டிகளில் வரும் குறை அது. குளிர்ந்த நிலையில் கேட்டிருந்தால் வாசலிலேயே தெரிந்திருக்கும்.

குளிர்ந்த எஞ்சினில் முதலில் ஆயில் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பாலேடு போன்ற வெளிறிய பசை அப்பியிருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலில் கலப்பதாக இருக்கலாம். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்தும் அப்படி ஆகும் என்பதால், ஆயில் அளவு காட்டும் கம்பியை இழுத்து அதிலும் பாருங்கள். இரண்டிலும் இருந்தால் விலகிவிடுங்கள். கூலன்ட் தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது. பிறகு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் புகைக்குழாய்க்குப் பின்னால் நில்லுங்கள். முதல் சில நிமிடம் மெல்லிய ஆவி வருவது இயல்பு. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் விடாமல் வெண்புகை வந்து இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது. கரும்புகை எரிபொருள் அதிகமாகப் போவதைக் காட்டும். மூன்றில் பெரும்பாலும் செலவு குறைந்தது அதுதான்.

சாவியைத் திருப்பும்போது எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருகணம் எரிந்து அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரிந்தபடியே இருப்பது ஒரு குறை. அது எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், யாரோ அதை மறைத்திருக்கலாம். ஒரு நல்ல மெக்கானிக்கிடம், வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி கருவி இருக்கும். அதை மாட்டிக் கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை என்று வந்தால் உடனே மகிழ வேண்டாம். குறியீடுகளை அன்று காலையே அழித்திருக்க முடியும். அழித்தால் வண்டி தன்னைத்தானே சோதிக்கும் தயார்நிலைப் பட்டியலும் வெறுமையாகிவிடும். அது மீண்டும் நிறைவடையப் பல பயணங்கள் வேண்டும். அந்தப் பட்டியலையும் காட்டச் சொல்லுங்கள்.

உடலைப் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும், மழையில் நனைந்த வண்டியில் எந்தப் பெயின்ட்டும் புதிதாகத்தான் தெரியும். கதவுகளுக்கும் போனெட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி இருபுறமும் ஒரே அளவா? கதவின் ரப்பரை விரலால் விலக்கினால் அதன் விளிம்பில் பெயின்ட் துகள் ஒட்டியிருக்கிறதா? முன்சக்கரங்களுக்கு மேலுள்ள இறக்கைத் தகடுகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் அது கழற்றி மாட்டப்பட்டது. டிக்கியின் விரிப்பைத் தூக்கி, மாற்றுச் சக்கரக் குழியின் தகடு சுருங்கியிருக்கிறதா, மண் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கம், பின்னால் அடிபட்டதற்குச் சாட்சி. மண், வண்டி வெள்ளத்தில் நின்றதற்குச் சாட்சி. வெள்ளத்துக்கு இன்னொரு சோதனை: சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். வெளியில் தெரியும் பகுதியைத் துடைத்துவிடலாம், சுருளுக்குள் கிடந்த கடைசி முழத்தில் சேற்றுக் கறை அப்படியே இருக்கும். இருக்கைகளின் அடிச் சட்டத்தில் துருவும் தேடுங்கள். வெள்ளத்தில் நின்ற காரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அதன் மின்கம்பி இணைப்புகள் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பழுதாகிக்கொண்டே இருக்கும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. வண்டியின் வயதோடு அது பொருந்துகிறதா? 62,000 கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லும் வண்டியில், ஓட்டுநர் கால் படும் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் உறை பளபளத்திருந்தால் ஓடோமீட்டரை நம்பாமல் சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் அன்றைய கிலோமீட்டர் குறித்திருப்பார்கள், எண்கள் ஏறுவரிசையில் சீராக வர வேண்டும். வண்டியின் 17 எழுத்து அடையாள எண் முன் கண்ணாடியின் ஓரத்திலோ சட்டத்திலோ பொறித்திருப்பதும் ஆவணத்தில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

அதே புத்தகத்தில் இன்னும் சிலவற்றைத் தேடுங்கள். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான பரிந்துரை, பலரும் மறப்பது. தானியங்கி கியர், குறிப்பாகத் தனித்தனிப் படிகள் இல்லாத சிவிடி வகை என்றால், கியர் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். எஞ்சினில் செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட் இருந்தால் அது எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டியது என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும். பார்க்கும் வண்டி எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் என்றால் பேட்டரியின் நிலையைச் சோதித்த அறிக்கை கேளுங்கள். பல ஹைபிரிட் செடான்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின் சீட்டின் ஓரத்திலுள்ள சிறு சன்னல் வழியாகத்தான் போகும். துணியும் தூசியும் அதை அடைத்தால் பேட்டரி சூடேறித் தேயும். அந்தச் சன்னலில் விரல் வைத்துத் துடைத்துப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒருவராக ஓட்டும்போது தெரியாதது ஐந்து பேர் ஏறியதும் தெரியும்: பின்பக்கம் தாழ்ந்து வேகத்தடையில் அடிவயிறு உரசுவது, சஸ்பென்ஷன் கடக்கடக்கென்று ஒலிப்பது. ரேடியோவை அணைத்துவிட்டு கரடுமுரடான சாலையில் மெதுவாகப் போங்கள். வாகனமில்லாத இடத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி மெல்ல வட்டமடியுங்கள். முன்சக்கரத்திலிருந்து டிக் டிக் என்று ஒலி வந்தால் அச்சின் மூட்டு தேய்ந்திருக்கிறது. வேகத்திலிருந்து பிரேக்கை அழுத்தும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் பிரேக் டிஸ்க் கோணியிருக்கலாம். இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை, விலை பேசப் பயன்படுபவை.

புதிய காரிலும் சோதனை உண்டு. எடுப்பதற்கு முன் பகலில் அதே காரைச் சுற்றிப் பாருங்கள்: தயாரான மாதம், டயர் எண்கள், ஓடோமீட்டர், லாரியில் வரும்போது பட்ட கீறல்கள். புதிய காரின் மதிப்பு வேகமாக இறங்குவது முதல் சில ஆண்டுகளில்தான். அந்த இறக்கத்தை முதல் உரிமையாளர் தாங்கிக்கொண்டுவிட்டார் என்பதே நான்காண்டு வண்டியின் பெரிய அனுகூலம். புதியதன் அனுகூலம் வாரன்ட்டி. அதைவிடவும், முன்பு என்ன நடந்தது என்ற கவலை இல்லாதது.

உங்கள் நிலையில் என் தேர்வு இது. பழைய வண்டியின் சர்வீஸ் புத்தகம் இடைவெளியில்லாமல் இருந்து, குளிர்ந்த எஞ்சின் சோதனையில் தேறி, அம்மா கைப்பிடி இல்லாமல் இறங்க முடிந்தால் அதையே எடுங்கள். பெரிய உடல், உயர் வகையின் பாதுகாப்புக் கருவிகள், நடு இருக்கையின் அகலம் ஆகிய மூன்றும் உங்கள் குடும்பத்துக்கு வாரன்ட்டியைவிடப் பயன்படும். உங்கள் சேமிப்பில் ஒரு பகுதியை மட்டும் முதல் மாதத்திலேயே எல்லாத் திரவங்களையும் மாற்றவும், தேவைப்பட்டால் நான்கு டயரும் வாங்கவும் ஒதுக்கிவிடுங்கள். புத்தகத்தில் ஓராண்டு காணவில்லை, விற்பவர் சரியான விளக்கம் தரவில்லை என்றால் புதியதற்குப் போங்கள். நீங்கள் அழைத்துவரும் மெக்கானிக் வண்டியைத் தூக்கி அடியில் பார்க்க விற்பவர் மறுத்தாலும் அப்படியே.

முன்பணம் கொடுப்பதற்கு முன் சர்வீஸ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.