பசை தடவியும் சவரக்கத்தி முடியை இழுப்பது ஏன்?

கேள்வி: ஓராண்டாக மடக்குச் சவரக்கத்தியில்தான் சவரம் செய்கிறேன். வாங்கும்போதே 12000 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நுண்மையானது) தீட்டிக் கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் பதம் குறைந்தது. தொங்கும் தோல்வாரில் கத்தியைத் துலக்கும் பச்சைப் பசையைத் தடவி இழுத்தேன். புதுக்கத்தி போல ஆனது. அப்போது மாதம் ஒருமுறை பசை போதுமாக இருந்தது. பிறகு வாரம் ஒருமுறை ஆயிற்று. இப்போது எவ்வளவு இழுத்தாலும் மோவாய்க்கட்டையில் முடியைப் பிடித்து இழுக்கிறது. பசை பழையதாகிவிட்டதா? வைரப் பசை வாங்கினால் சரியாகுமா? கல் இல்லாமலே சமாளிக்க முடியுமா?

பதில்: பசையின் மேல் குற்றமில்லை. பச்சைப் பசையில் வேலை செய்வது குரோமியம் ஆக்சைடு. அது கெட்டுப்போகிற பொருள் அல்ல. உங்கள் கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, உருண்டுவிட்டது. நீங்கள் சொன்ன வரிசையை வைத்தே சொல்லிவிடலாம்: முதல் தடவை அற்புதம், பிறகு இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது, கடைசியில் ஒன்றுமே பலிப்பதில்லை. தொங்கும் வாரில் பசை போட்டவர்கள் எல்லோரும் வந்து நிற்கும் இடம் இதுதான்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அழியாத மை பேனாவால் கத்தி வாயின் இரு பக்கச் சரிவிலும் மை பூசுங்கள். 8000 கல்லில் ஒரே ஒரு முறை, அழுத்தாமல் தள்ளுங்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். சரிவின் பின்பகுதியில் மை போய், வாயின் நுனியில் மட்டும் மெல்லிய கோடாக மை மிச்சமிருந்தால், கல் நுனியைத் தொடவே இல்லை என்று அர்த்தம். அந்தக் கோடுதான் உருண்டுபோன பகுதி.

ஏன் உருள்கிறது? சவரக்கத்தியின் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படியும். முதுகின் தடிமனும் தகட்டின் அகலமும் சேர்ந்து கோணத்தைத் தீர்மானிக்கின்றன. பெரும்பாலும் இரு பக்கமும் சேர்த்து 16, 17 டிகிரியை ஒட்டி இருக்கும். கல் அமுங்காது, கோணமும் மாறாது. தோல்வார் அப்படியல்ல. கத்தியின் எடைக்கே தோல் சற்று அமுங்கும், தொங்கும் வார் வளையவும் செய்யும். கத்தி கடந்ததும் அமுங்கிய தோல் மேலெழுந்து வாயை அணைத்துக்கொண்டு உரசும். வெறும் தோலில் இதனால் பெரிய கேடில்லை, அது உலோகத்தை அவ்வளவாக அரிப்பதில்லை. அதே தோலில் அரிக்கும் பொடியைத் தடவிவிட்டால், ஒவ்வொரு இழுப்பிலும் நுனியின் கோணம் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கிறது. முதல் சில தடவை இந்தப் பருமன் நன்மையாகவே தெரியும். கல் விட்டுச்சென்ற கீறலும் பிசிறும் போய் வாய் வழுவழுப்பாகிறது அல்லவா? அந்த இன்பத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

ஆகவே மூன்றாவது கேள்விக்குப் பதில் முதலில்: கல் இல்லாமல் முடியாது. பசை பதத்தைத் துலக்கும், பதத்தை உண்டாக்காது. மையிட்டுப் பார்த்தபடியே 8000 கல்லில் முப்பது, நாற்பது சுற்று போங்கள். (ஒரு போக்கும் ஒரு வரவும் சேர்ந்தது ஒரு சுற்று.) கல்லில் வாய் முன்னால் போகவேண்டும், கத்தியின் சொந்த எடைக்கு மேல் கை அழுத்தக் கூடாது. மைக்கோடு போய்விட்டால் அதிர்ஷ்டம். போகவில்லையென்றால் 4000, அதற்கும் மசியாவிட்டால் 1000 என்று இறங்கவேண்டியதுதான். உங்கள் கத்தி பல மாதம் பசை கண்டது. 1000 வரை இறங்க நேரலாம். இறங்கினால் அங்கே அவசரப்படாதீர்கள். கத்தியின் அடிமுதல் நுனிவரை எல்லா இடமும் முன்கை முடியைத் தோலோடு ஒட்டிச் சிரைக்கும் வரை அந்தக் கல்லை விட்டு ஏறாதீர்கள். 1000 கல்லில் பாதியில் விட்ட வேலையை 8000 முடித்துத் தராது, பசை நிச்சயமாக முடித்துத் தராது.

கல் முடிந்த பிறகு பசை. இங்கே எந்தப் பசை என்பதை விட, எதன்மேல் தடவுகிறீர்கள் என்பதே பெரிய விஷயம். தொங்கும் வாரை விட்டுவிடுங்கள். பால்சா என்ற லேசான, மென்மையான மரத்தின் பலகை ஒன்று, 7, 8 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் போதும். தட்டையான கண்ணாடிமேல் 320 அல்லது 400 உப்புத்தாளை ஒட்டி, அதில் பலகையைத் தேய்த்துச் சமமாக்குங்கள். பொடியைத் தட்டிவிட்டு, பட்டாணி அளவுக்கும் குறைவாகப் பசையைப் புள்ளி புள்ளியாக வைத்து, உள்ளங்கையால் மரத்துக்குள் தேயுங்கள். மிஞ்சியதைக் காகிதத்தால் துடைத்துவிடுங்கள். மரத்தில் சாயம் ஏறியதுபோல் தெரிந்தால் சரி. வெண்ணெய் பூசியதுபோல் தெரிந்தால் அதிகம். தடித்த பசையில் வாய் புதைந்து, மறுபடி உருளும்.

பலகையில் முதுகு முன்னால் போகவேண்டும், வாய் பின்னால் வரவேண்டும். கல்லுக்கு நேர் எதிர். திருப்பும்போது முதுகின்மேல் உருட்டித் திருப்புங்கள். பத்துச் சுற்று, மிஞ்சினால் பதினைந்து. கறுப்புக் கோடுகள் விழும். அது உங்கள் எஃகு, பசை வேலை செய்கிறது என்று பொருள். கறுப்பைக் கண்ட உற்சாகத்தில் நூறு சுற்று இழுக்காதீர்கள்.

கல்லில் தீட்டும்போது முதுகுக்கு நாடா ஒட்டுகிற பழக்கம் இருந்தால் பலகையிலும் ஒட்டுங்கள். ஓர் அடுக்கு நாடா கோணத்தை ஏறக்குறைய 1 டிகிரி கூட்டுகிறது. நாடாவோடு தீட்டி, நாடா இல்லாமல் பலகையில் இழுத்தால் பசை நுனியை எட்டாது. “பசை ஒன்றுமே செய்யவில்லை” என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு நோய் இதுதான்.

இனி வைரம். சவரக்கத்திக்கென்று விற்கும் குரோமியம் ஆக்சைடு பெரும்பாலும் 0.5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 8000 கல்லின் துகள் 1 முதல் 2 மைக்ரான். கல்லுக்கு அடுத்த படியாகப் பச்சை பொருந்துவது அதனால்தான். வைரம் 0.5, 0.25, 0.1 என்று கிடைக்கிறது. ஆனால் ஒரே மைக்ரானில் இரண்டும் ஒன்றல்ல. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் வைரம் 10, குரோமியம் ஆக்சைடு 8-க்குச் சற்று மேல். வைரத்தின் துகள் உடையாமல் வேகமாக வெட்டும். கூர்மை நிச்சயம் கிடைக்கும், கூடவே தோலில் ஒரு கரகரப்பும் வரும். மென்மையான கன்னம் உள்ளவர்கள் வைரத்துக்குப் பிறகு குரோமியத்திலோ, சிவப்பான இரும்பு ஆக்சைடிலோ ஐந்தாறு சுற்று இழுத்தால் அந்தக் கரகரப்பு அடங்கும். உங்கள் இப்போதைய நிலையில் வைரம் வாங்குவது, உருண்ட வாயை இன்னும் வேகமாக உருட்டுவதற்குத்தான் உதவும். கல்லில் தீட்டும் அடிப்படை வேலை சரியான பின் 0.25 ஒன்றை முயன்று பார்க்கலாம். அவசியம் என்று சொல்லமாட்டேன்.

உலோகம் மெருகேற்றும் பச்சைக் கட்டிகள் மலிவாகக் கிடைக்கும். பலவற்றில் அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும், துகளும் ஒரே அளவில் இராது. சமையல் கத்திக்கு அது போதும், கன்னத்துக்கு வேண்டாம். பற்பசையும் அப்படியே. தூளாக வாங்கும் குரோமியம் ஆக்சைடைக் காற்றில் பறக்கவிடாமல், முகக்கவசம் அணிந்து கையாளுங்கள்.

ஒவ்வொரு பசைக்கும் தனிப்பலகை வேண்டும். பெரிய துகளிலிருந்து சிறியதற்குப் போகும்போது கத்தியை நன்றாகத் துடையுங்கள். அன்றாடம் இழுக்கும் சுத்தமான தோல்வாரை இவற்றுக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். ஒருமுறை கத்தியைத் துடைக்காமல் 1 மைக்ரான் வைரத்திலிருந்து நேரே நல்ல தோலுக்குப் போனேன். துகள் தோலுக்குள் புகுந்துவிட்டால் வெளியே எடுக்க வழியில்லை. அந்த வாரை அன்றோடு பசைக்கே ஒதுக்கிவிட்டேன். உங்கள் தொங்கும் வாரும் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. தினசரிப் பயன்பாட்டுக்குப் புதிதாக ஒன்று வாங்குங்கள்.

பசைக்குப் பிறகு சுத்தமான தோலில் ஐம்பது, அறுபது சுற்று, பிறகு சவரம். சுத்தமான தோலில் நாள்தோறும் இழுத்தும் முடி இழுபட ஆரம்பிக்கும் நாளில்தான் பலகையை எடுங்கள். எடுக்கும் தேதியைப் பலகையின் பின்புறம் எழுதிவையுங்கள். இரண்டு தேதிகளுக்கு நடுவே இடைவெளி பாதியாகக் குறைந்ததும் மை பேனாவை எடுத்து 8000 கல்லுக்குத் திரும்புங்கள். அப்போது முப்பது சுற்றிலேயே சரியாகிவிடும், 1000 வரை இறங்க வேண்டியிராது.