பழைய தேதி போட்ட சான்றிதழைத் தொடாதீர்கள்

கேள்வி: பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் யூனிட் நடத்துகிறேன். ஸ்லாப் ஏற்றுமதியும் உண்டு. சீனாவிலிருந்து 38 லட்சம் ரூபாய்க்கு ஒரு பாலிஷிங் மெஷின் வாங்கினேன். 80 சதவீதப் பணம் கொடுத்தாயிற்று. சென்னையில் இறங்கிய கன்டெய்னர் 26 நாளாக சி.எஃப்.எஸ். எனும் கன்டெய்னர் சரக்குக் கிடங்கில் நிற்கிறது. மெஷின் வந்த மரப்பெட்டிகளில் முத்திரை இல்லை, மரத்தில் துளை இருக்கிறது, உள்ளே உயிரோடு புழு இருக்கிறது என்கிறார்கள். எனக்கு இது வெறும் காகிதக் கெடுபிடியாகத்தான் தெரிகிறது. அதிகாரி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. கிடங்கு வாடகையும், கப்பல் கம்பெனிக்குக் கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்புவதற்கான டிடென்ஷனும் சேர்ந்து 4.6 லட்சம் ஆகிவிட்டது. விற்றவர், மருந்துப்புகை போட்டதாக, சரக்கு ஏற்றிய தேதிக்கே ஒரு சான்றிதழ் தயார் செய்து அனுப்புகிறேன் என்கிறார். கிளியரிங் ஏஜென்ட்டும் அதைக் கொடுத்துவிடலாம் என்கிறார். அதிகாரி மீது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா? விற்றவர் மீது இங்கே மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வரி ஒன்றுதான். பெட்டி மரத்தில் முத்திரை இல்லை. அதிகாரி உட்காரச் சொல்லாதது இந்த வழக்கில் ஒரு ரூபாய்க்கு உதவாது.

2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, இறக்குமதிச் சரக்கோடு வரும் மரப்பெட்டி, மரத்தட்டு எல்லாம் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி பதப்படுத்தி முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும், இல்லையென்றால் மெத்தில் புரோமைடு புகை போல அந்த விதி ஏற்கும் வேறு முறையில் பதப்படுத்தியிருக்க வேண்டும். அப்படி இல்லாத மரத்தை, இங்கே தனிமைப்படுத்தல் அதிகாரி முன்னிலையில் பதப்படுத்திய பிறகுதான் சுங்க அதிகாரி வெளியே விட முடியும். அவர் மனம் வைத்தால் விட்டுவிடலாம் என்ற இடமே அதில் இல்லை. இந்த ஆணைக்குத் தாயான 1914ஆம் ஆண்டுச் சட்டமோ, நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்காக அதிகாரி மீது வழக்கே போட முடியாது என்று 6ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. உங்கள் பெட்டியில் உயிருள்ள புழு கிடைத்திருக்கிறது. எந்த நீதிபதியிடம் போய் நல்லெண்ணம் இல்லை என்று வாதாடுவீர்கள்?

இது வெறும் காகிதக் கெடுபிடி என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் நான் உடன்படவில்லை. தருமபுரிப் பக்கம் மரவள்ளி போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட அந்நிய மாவுப்பூச்சி ஒன்று இங்கே வந்து, குருத்தைச் சுருட்டி, கிழங்கே பிடிக்காமல் செய்துவிட்டது. அதை அடக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட வேண்டியிருந்தது. மரப்பெட்டியில் ஏறி வந்த ஆசிய நீள்கொம்பு வண்டு 1996இல் நியூயார்க்கில் தென்பட்டது. அதற்காக அங்கே ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டினார்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டமோ மாந்தோப்பை நம்பி இருக்கிறது. உங்கள் பெட்டியில் இருக்கும் புழு எதுவென்று இன்னும் யாருக்கும் தெரியாது. அது பர்கூர் வரை வராமல் சென்னையிலேயே நின்றதை நல்லதாகத்தான் நினைக்கிறேன்.

இப்போது அந்தச் சான்றிதழுக்கு வருகிறேன். உங்கள் கேள்விகளை எல்லாம் விட என்னைத் தூங்கவிடாதது இதுதான். இந்த இடத்தில் கட்சிக்காரர்கள் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இதுவரை உங்கள் சரக்கில் இருப்பது ஒரு குறை. பணம் கட்டித் தீர்க்கக்கூடிய குறை. ஏற்றிய பிறகு தயாரித்த சான்றிதழை ஏற்றும் முன்பே இருந்தது போலக் கொடுத்த நிமிடம் அது குற்றமாகிவிடும். சுங்கச் சட்டம் 114ஏஏ பிரிவைப் படியுங்கள். பொய்யான ஆவணம் என்று தெரிந்தே பயன்படுத்தினால், சரக்கு மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை தண்டம் விதிக்கலாம். உங்கள் மெஷினுக்கு அது 1 கோடியே 90 லட்சம் வரை போகும். போலி ஆவணத்தை உண்மையானது போலப் பயன்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 340ஆம் பிரிவிலும் வருகிறது. அது தனி கிரிமினல் வழக்கு.

கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று ஏஜென்ட் சொல்வார். கண்டுபிடிப்பது கடினமே இல்லை. முத்திரை இல்லை என்று பரிசோதனைக் குறிப்பு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. புழு உயிரோடு இருக்கிறது. சான்றிதழில் கன்டெய்னர் எண், புகை போட்ட தேதி, நேரம், போட்ட நிறுவனத்தின் பதிவு எண் எல்லாம் இருக்கும். கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போன தேதியோடு அவற்றைப் பொருத்திப் பார்த்தாலே போதும். அதற்கும் மேல், வழங்கிய நாட்டின் தாவரப் பாதுகாப்பு அமைப்புக்கே எழுதிக் கேட்கலாம்.

பிறகு சுங்கச் சட்டம் 108ஆம் பிரிவில் சம்மன் வரும். ஓசூர்ப் பக்கம் ஒரு சிறுதொழில் முதலாளி, வக்கீலைக்கூடக் கேட்காமல் போய் உட்கார்ந்து, ஏஜென்ட் கொடுத்தார், நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். அது தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்தார். அந்த வாக்குமூலம் சாட்சியமாகும். கையெழுத்து தன்னுடையது என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியில் இறக்குமதியாளர் பெயர்தான் இருக்கும். ஏஜென்ட் தன் லைசென்ஸைப் பார்த்துக்கொள்வார். உங்களுக்காக நிற்க மாட்டார்.

எனக்கு முத்திரை பற்றித் தெரியாது என்ற வாதமும் உங்களுக்குக் கிடையாது. நீங்கள் ஸ்லாப் அனுப்பும் ஒவ்வொரு மரப்பெட்டியிலும் அதே கோதுமைக்கதிர் முத்திரையைக் குத்தித்தான் அனுப்புகிறீர்கள். ஒரு பொய்ச் சான்றிதழால் உங்கள் பெயர் கெட்டால், அடுத்து நீங்கள் அனுப்பும் கல்லையும் அல்லவா நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள்?

இன்னொன்றும் இழப்பீர்கள். சரக்கே வேண்டாம் என்று கைகழுவ சுங்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி விடுகிறது. அப்படிச் செய்தால் சுங்க வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் சரக்கு தொடர்பாகக் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் அந்த உரிமை போய்விடும். இரவோடு இரவாகப் பெட்டியை உடைத்து, முத்திரை குத்திய வேறு பலகையில் ஏற்றிவைக்கும் யோசனையும் யாராவது சொல்வார்கள். அதற்கும் இதே பதில்தான்.

ரிட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனு நிலுவையில் இருக்கும்போதும் வாடகை மீட்டர் ஓடும். சுங்கத்துறை தவறாகவே நிறுத்தியிருந்தாலும் டெமரேஜை, அதாவது கிடங்கில் தேங்கியதற்கான கட்டணத்தை, இறக்குமதியாளர்தான் கட்ட வேண்டும் என்று 1995இல் கிராண்ட் ஸ்லாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிறுத்திவைத்த சரக்குக்கு வாடகை வாங்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டு விதி ஒன்றைக் காட்டுவார்கள். குறை உங்கள் சரக்கிலேயே இருக்கும்போது, அதற்கு வேண்டிய டிடென்ஷன் சான்று, அதாவது நிறுத்திவைத்தது சுங்கத்துறைதான் என்ற சான்று, கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கப்பல் கம்பெனியின் கன்டெய்னர் வாடகையை அது தொடாது. ஆகவே மீனம்பாக்கத்தில் இருக்கும் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் நாளைக்கே மனு கொடுங்கள். என் செலவில் மரத்தைப் பதப்படுத்த அனுமதியுங்கள் என்று மட்டும் எழுதுங்கள். மெஷினைப் பிரித்து மரத்தை எரிப்பதா, அப்படியே வைத்துப் புகை போடுவதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். ஒவ்வொரு நாள் வாடகையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு பெரிதல்ல.

விற்றவரிடம் பணம் பெற ஒரே வழி பேசி முடிப்பதுதான். இங்கே புகார் கொடுத்தால் சிவில் தகராறு என்று திருப்பி அனுப்புவார்கள். கிருஷ்ணகிரி கோர்ட்டில் டிகிரி, அதாவது தீர்ப்பாணை, வாங்கினாலும் அதைச் சீனாவில் நேரடியாக நிறைவேற்ற முடியாது. ஆனால் உங்கள் கையில் ஒன்று இருக்கிறது, இன்னும் கொடுக்காத 20 சதவீதம், அதாவது 7.6 லட்சம். விற்றவர் முன்கூட்டியே தந்த விலைப்பட்டியலான புரொஃபார்மா இன்வாய்ஸில் பேக்கிங் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். மருந்துப்புகை போட்ட பெட்டி என்று ஒரு வார்த்தை இருந்தாலும் உங்கள் பக்கம் பலமாகிவிடும். இல்லாவிட்டாலும், பேக்கிங் செலவும் பொறுப்பும் விற்றவருடையது என்பதுதான் வணிக வழக்கம். வாடகையும் பதப்படுத்தும் செலவும் சேர்ந்ததைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன் என்று எழுதுங்கள். அவர் பாதிக்கு ஒப்புக்கொண்டாலும் சரி என்று முடித்துவிடுங்கள். முழுத்தொகைக்கு அடம் பிடித்து இரண்டு வருடம் அலைந்தவர்கள் பாதிகூடப் பார்க்கவில்லை. ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கி வங்கியில் கொடுங்கள். பில் ஆஃப் என்ட்ரியில் உள்ள மதிப்புக்கும் நீங்கள் அனுப்பும் பணத்துக்கும் வித்தியாசம் இருந்தால் வங்கி கணக்கை முடிக்காது. காகிதம் இல்லாமல் குறைத்து அனுப்பினால் அதுவே தனித் தலைவலி.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மின்னஞ்சல். விற்றவருக்கு, ஏஜென்ட்டுக்கும் ஒரு நகல் போட்டு, இன்று இரவே அனுப்புங்கள்: "பழைய தேதியிட்ட சான்றிதழ் எதுவும் எனக்கு வேண்டாம். என் பெயரில் யாரும் அதைத் தாக்கல் செய்யக் கூடாது." போனில் சொன்னால் போதாது. உங்களுக்குத் தெரியாமலே ஏஜென்ட் அதைக் கொடுத்துவிட்டால், உங்களைக் காப்பாற்றப்போவது தேதியோடு இருக்கும் அந்த மின்னஞ்சல்தான்.