வாசகர் கேள்வி – பதில்: நாற்பது வயதுக் குவாட்டர்பேக்

கேள்வி: ஆறு மாதமாக மினியாபொலிஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். அமெரிக்கன் ஃபுட்பாலில் வைக்கிங்ஸ் அணி என்றால் அவனுக்கு உயிர். பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டி, "இந்தக் கிழவன் பிரெட் ஃபார்வ்தான் எங்களைச் சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்துக்குப் போகவிடாமல் கெடுத்தான்" என்று இன்றைக்கும் பொருமுகிறான். ஒரு வீச்சுக்காக ஒருவரை இத்தனை வருடம் திட்டலாமா? (வாசகி, மினியாபொலிஸ்)

பதில்: உங்கள் மகனின் கோபம் எனக்கு நன்றாகத் தெரியும் அம்மா. 2010 ஜனவரி 24 அன்று வேலை நிமித்தமாக நானும் அந்த ஊர்ப் பக்கம்தான் இருந்தேன். ஈகனில் வாடகை வீடு, அலுவலக நண்பர்கள் எட்டுப் பேர், பெரிய பாத்திரம் நிறையப் பிரியாணி. ஆட்டம் முடிந்தபோது பாதிப் பாத்திரம் அப்படியே இருந்தது. அன்று நானும் ஃபார்வைத்தான் திட்டினேன். அது தப்பு என்று புரியச் சில வருடங்கள் ஆயின.

நடந்தது இதுதான். ஃபார்வ் அப்போது வைக்கிங்ஸின் குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர். வயது 40. ஜெயித்தால் சூப்பர் பௌல். எதிரணி நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ், அவர்களுடைய சூப்பர்டோம் மைதானம். செயின்ட்ஸ் 28, வைக்கிங்ஸ் 28. மிச்சம் 19 விநாடி. பந்து செயின்ட்ஸின் 33 கெஜக் கோட்டில், வைக்கிங்ஸ் கையில். அங்கிருந்து உதைத்தால் ஏறக்குறைய 50 கெஜ ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி). கஷ்டம், ஆனால் முயலக்கூடிய தூரம். அந்த நேரம் பார்த்து, டைம் அவுட் முடிந்து வந்த வைக்கிங்ஸ், திட்டம் பேச வட்டமாகக் கூடும் ஹடிலில் பதினோரு பேர் நிற்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேரை நிறுத்தியது. ஐந்து கெஜம் பின்னுக்குத் தள்ளும் அபராதம், உதைக்க வேண்டிய தூரம் இன்னும் கூடியது. அடுத்து ஃபார்வ் வலது பக்கம் ஓடினார். ஓடிக்கொண்டே உடம்புக்குக் குறுக்காக மைதானத்தின் நடுவே வீசினார். சக ஆட்டக்காரர் சிட்னி ரைஸுக்குப் போக வேண்டிய பந்தை செயின்ட்ஸின் ட்ரேசி போர்ட்டர் பறித்துக்கொண்டார். கூடுதல் நேரத்தில் செயின்ட்ஸின் காரெட் ஹார்ட்லி 40 கெஜத்திலிருந்து உதைக்க, 31-28 என்று முடிந்தது.

பல வருடம் கழித்து ஒரு விடுமுறையில், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் மறுபடி பார்த்தேன். வைக்கிங்ஸ் 475 கெஜம் முன்னேறியிருக்கிறது, செயின்ட்ஸ் வெறும் 257. அப்படி ஆடிய அணி தோற்றதென்றால், ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்ததால்தான். இரண்டு ஃபார்வின் இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிரணி பறிப்பது). மற்ற மூன்றும் ஃபம்பிள் (கையிலிருந்த பந்து நழுவுவது). இடைவேளைக்குச் சற்று முன், எதிரணியின் கோல் கோட்டுக்குப் பக்கத்தில், ஏட்ரியன் பீட்டர்சனிடம் பந்தைக் கைமாற்றும்போது நழுவியது. கடைசிக் கால் பகுதியில் பெர்சி ஹார்வின் ஒன்று, பெர்னார்ட் பெரியன் ஒன்று. இவர்கள் எல்லாரும் இளைஞர்கள். இவர்கள் வயதை யாரும் பேசவில்லை.

அன்று அவர் வாங்கிய அடியையும் உங்கள் மகனிடம் ஒருமுறை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். பந்து கையை விட்டுப் போன பிறகும் விழுந்த அடிகள் உண்டு. ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்று இரண்டு பேர் சேர்ந்து சாய்த்ததில் கணுக்கால் மடங்கியது. கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து ஆடினார். எதிரணி ஆட்டக்காரர்களைக் காயப்படுத்தினால் பணம் என்ற ஏற்பாடு செயின்ட்ஸில் இருந்ததாக 2012இல் லீக்கே அறிவித்து, பயிற்சியாளர் ஷான் பேட்டனை அந்த சீசன் முழுக்கத் தள்ளி வைத்தது.

சரி, அந்தக் கடைசி வீச்சு? அது தப்புதான். நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பந்தை வெளியே எறிந்திருக்கலாம், நொண்டிக்கொண்டே நாலு கெஜம் ஓடியிருக்கலாம். ஆனால் அது கிழவனின் தப்பு என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2004 ஜனவரியில் பிலடெல்பியாவில், கூடுதல் நேரத்தில், எதிரணியின் பிரையன் டாகின்ஸ் கையில் பந்தைக் கொடுத்தபோது ஃபார்வுக்கு வயது 34. 2008 ஜனவரியில், அவர் அப்போது ஆடிய கிரீன் பே அணியின் லாம்போ மைதானக் குளிரில், அதுவும் கூடுதல் நேரம்தான், எதிரணியின் கோரி வெப்ஸ்டரிடம் கொடுத்தபோது 38. அவர் 508 டச் டவுன் (பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்த்து எடுக்கும் புள்ளி) வீசியதும் 336 இன்டர்செப்ஷன் கொடுத்ததும் ஒரே துணிச்சலில். அது பிறவிக் குணம், வயதோடு வந்ததல்ல. சொல்லப்போனால் நாற்பது வயதில்தான் அந்தக் குணத்தைக் கட்டி வைத்திருந்தார். அந்த சீசனில் 33 டச் டவுன், 7 இன்டர்செப்ஷன்தான். அவருடைய வாழ்க்கையிலேயே மிகச் சுத்தமான வருடம். கட்டு ஒரு விநாடி அவிழ்ந்தது.

இரண்டு வாரம் கழித்து சூப்பர் பௌலில் அதே போர்ட்டர் எதிரணிக் குவாட்டர்பேக் பேய்ட்டன் மேனிங்கின் பந்தையும் பறித்து 74 கெஜம் ஓடினார். மேனிங்குக்கு அப்போது 33. "வயசாகிவிட்டது" என்று ஒருவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

கேள்வி: அப்படியானால் குவாட்டர்பேக்குக்கு வயதாகிவிட்டது என்பதை எதை வைத்துச் சொல்வது? (வாசகர், கோவை)

பதில்: ஜெயித்ததா தோற்றதா என்று பார்த்தால் தெரியாது. அதே மேனிங், 39 வயதில், 2015 நவம்பரில் கான்சஸ் சிட்டிக்கு எதிராக 20 முறை வீசி 5 மட்டும் சேர்ந்தது. 35 கெஜம், 4 இன்டர்செப்ஷன். ஆட்டத்தின் நடுவிலேயே உட்கார வைத்தார்கள். அந்த சீசனில் 9 டச் டவுனுக்கு 17 இன்டர்செப்ஷன். கை ஓய்ந்துவிட்டது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவருடைய அணி டென்வர் சூப்பர் பௌல் கோப்பையை வென்றது, வான் மில்லரும் மற்றத் தடுப்பாட்டக்காரர்களும் சுமந்துகொண்டு போனதால். மேனிங் கோப்பையோடு விடைபெற்றார். அவரைவிடப் பல மடங்கு நன்றாக ஆடிய ஃபார்வ், கெட்ட பெயரோடு வீட்டுக்குப் போனார். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

கேள்வி: ஃபார்வ் ஆடி நேரில் பார்த்திருக்கிறீர்களா? (வாசகர், திருச்சி)

பதில்: ஒரே ஒரு முறை, 2010 டிசம்பர் 20. பனிப் பாரம் தாங்காமல் வைக்கிங்ஸின் மெட்ரோடோம் மைதானக் கூரை கிழிந்து விழுந்ததால், ஆட்டத்தைப் பல்கலைக்கழகத் திறந்தவெளி மைதானத்துக்கு மாற்றியிருந்தார்கள். 297 ஆட்டம் தொடர்ந்து இறங்கியவர், அதற்கு முந்தைய ஆட்டத்தில்தான் முதன்முறையாக உட்கார்ந்திருந்தார். அந்த சீசனில் 11 டச் டவுன், 19 இன்டர்செப்ஷன். வயது வந்தது அந்த வருடம்தான். இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டும் எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது. ஹார்வினுக்கு ஒரு டச் டவுன் வீசினார், அழகாக. அப்புறம் எதிரணியான சிகாகோவின் புது ஆள் ஒருவர் சாய்த்ததில் தலை உறைந்த தரையில் மோதியது. சற்று நேரம் எழவே இல்லை. நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம். கைத்தாங்கலாக நடந்து போனார், திரும்ப வரவில்லை.