கட்டை அசையக் கூடாது, தம்பி

காட்பாடியிலிருந்து கனடாவின் ஆல்பர்ட்டாவுக்கு வந்து எட்டு மாதமான தம்பி ஒருவர் கேட்கிறார்: முதல் வேட்டைத் துப்பாக்கிக்கு, குழலைத் தாங்கித் தோளில் பதியும் கட்டை சிந்தெடிக்கில் (செயற்கைப் பொருளில்) இருந்தால் நல்லதா, லேமினேட் மரத்தில் இருந்தால் நல்லதா, எந்த நிறம், என்ன விலை? நிறமும் விலையும் கடைக்காரர் சொல்வார். கட்டையைப் பற்றி நான் சொல்கிறேன்; அதில் அடிபட்டவன் நான்.

எனக்குக் குடியாத்தம். இங்கு வந்த இரண்டாம் ஆண்டு, மெருகேற்றிய வால்நட் கட்டையின் அழகில் மயங்கி ஒரு பழைய துப்பாக்கியை வாங்கினேன். ஆகஸ்டில் சுடுதளத்தில் குண்டுகள் ஒரே இடத்தில் விழுந்தன. நவம்பரில் மூன்று நாள் ஈரப் பனியில் அலைந்த பிறகு மான் எதிரே நின்றது. குண்டு அதன் முதுகுக்கு மேலே போய்விட்டது. வீட்டுக்கு வந்து, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு பத்து ரூபாய் நோட்டைச் செருகி இழுத்தேன். பாதியில் சிக்கிக்கொண்டது. ஈரம் குடித்து ஊதிய மரம் குழலை நெருக்கி, குண்டின் போக்கை மாற்றியிருந்தது. ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுத் தலைவாசல் கதவும் இப்படித்தான் நிலையில் பிடித்துக்கொள்ளும். அப்பா தோளால் இடித்துத் திறப்பார்.

லேமினேட் அப்படியல்ல. மெல்லிய மரத் தகடுகளை அடுக்கி, பசையிட்டு, அழுத்தி ஒட்டியது; ஈரத்துக்கு எளிதில் அசையாது. கனம் கூடுதல்தான், ஆனால் அந்தக் கனத்தால் தோளில் உதை குறையும். சிந்தெடிக்கில் ஃபைபர்கிளாஸ் உறுதியானது, விலை அதிகம். மலிவான பிளாஸ்டிக் கட்டையைக் கடையிலேயே சோதியுங்கள்: முன்பகுதியையும் குழலையும் சேர்த்து ஒரே கையால் அழுத்திப் பாருங்கள். வளைந்து குழலைத் தொட்டால் வைத்துவிட்டு வாருங்கள். கிளை உரசினால் காலி டப்பாவைப் போலச் சத்தம் போடுவதும் அதுதான். நாள் முழுக்க மலை ஏறுவீர்கள் என்றால் ஃபைபர்கிளாஸ், இல்லையென்றால் லேமினேட். பதினைந்து ஆண்டாக என் கையில் இருப்பது லேமினேட்.

கட்டையைவிட முக்கியமானது ஒன்று. உறைபனியிலிருந்து வந்ததும் துப்பாக்கியைச் சூடான அறையில் உறையிலிருந்து எடுக்காதீர்கள். இரும்பெல்லாம் வியர்த்துத் துருப்பிடிக்கும். உறையோடு சில மணி நேரம் விட்டுவிடுங்கள். உரிமத்துக்குப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம், முதல் விண்ணப்பத்துக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பும் உண்டு. வீட்டில் குண்டு நீக்கிப் பூட்டி வையுங்கள். நம்மவர் சிலர் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவதற்காகவே துப்பாக்கி வாங்கி, அலமாரி மூலையில் சாத்தி வைக்கிறார்கள். குழந்தைகள் ஓடும் வீட்டில் அதைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

ஊரில் பயப்படுவார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் நமக்கு வேட்டை என்றாலே குற்றம். ஜவ்வாது மலையில் நாட்டுத் துப்பாக்கி என்றால் போலீஸ்தான் நினைவுக்கு வரும். இங்கு பருவமும் அனுமதியும் உண்டு என்று அம்மாவுக்கு விளக்க எனக்கு ஓராண்டு ஆனது. அடுத்த நவம்பரில், லேமினேட் கட்டையோடு, முதல் மான் கிடைத்தது. தொடைக்கறியைச் சீரகச் சம்பாவில் ஆம்பூர் முறையில் தம் போட்டேன். கூட வேலை பார்த்த உக்ரைன்காரர்கள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். அன்றிரவே அம்மாவிடம் போனில் சொன்னேன். துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்தாயா?" என்று கேட்டார்.