தேனுக்குப் புவிசார் குறியீடு எதற்கு?

ஒரு பொருளின் தரமோ பேரோ அது விளையும் ஊரால்தான் வந்தது என்று பதிவு செய்து, அந்த ஊர்ப் பெயரைக் கண்டவர்களும் ஒட்டி விற்காமல் தடுப்பதுதான் புவிசார் குறியீடு. 1999-ல் வந்த சட்டம், பதிவகம் சென்னையில் இருக்கிறது.

சரி, தேனுக்கு எதற்கு? தேனீ எங்கே மேய்கிறதோ அந்த ருசிதான் தேனில் வரும். 2023-ல் குறியீடு வாங்கிய மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்தே வருவதில்லை, ரப்பர் மரத்தின் தளிர் இலைக்காம்பில் துளித்துளியாகச் சுரக்கும் இனிப்பு நீரைத்தான் தேனீ உறிஞ்சுகிறது. அதே தேனீப் பெட்டியைப் பண்ருட்டி முந்திரித் தோப்பில் கொண்டுவந்து வைத்தால் அது வேறு தேன்.

கடலூர்ப் பக்கம் எந்த ஊர்ப் பலாவையும் ‘பண்ருட்டிப் பழம்’ என்று கூவி விற்றால் நஷ்டம் யாருக்கு? பண்ருட்டிக்காரருக்குத்தானே. டிரேட்மார்க் வீட்டுக் கிணறு மாதிரி, வீட்டுக்காரருக்கு மட்டும். புவிசார் குறியீடு ஊர்க் கிணறு, அந்த ஊரில் முறைப்படி தயாரித்து, பயன்படுத்துபவராகப் பதிந்துகொண்ட எல்லோரும் இறைக்கலாம் (நம்ம புதுச்சேரி வில்லியனூர் சுடுமண் பொம்மைக்கும் இதே கதைதான்). 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அப்புறம், குறியீடு இருந்தாலே சுத்தத் தேன் என்று நினைத்துவிடாதீர்கள்: அது ஊரைத்தான் சொல்கிறது, பாகு கலந்திருக்கிறதா என்பது பரிசோதனைக் கூடத்தில் பார்க்க வேண்டிய வேறு விஷயம்.