குளிர்காலத்தில் ஆற்றோரமாக நடந்து வெந்நீர் ஊற்றுக்குப் போன அனுபவம் உண்டா? அம்மா அப்பாவை அழைத்துப் போகலாமா?

உண்டு. அழைத்துப் போகலாம். ஒரு ஜனவரியில் அம்மாவோடு இமாசலத்தில் பார்வதி ஆற்றங்கரையிலுள்ள மணிகரணுக்குப் போனேன். நாகர்கோவிலில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி நிஜாமுதீன், அங்கிருந்து இரவுப் பேருந்தில் புந்தர், அப்புறம் கசோல்.

கசோலிலிருந்து மணிகரண் சுமார் 4 கிலோமீட்டர். பேருந்து உண்டு, ஆனாலும் நடந்தே போங்கள். அந்தக் குளிரை உடம்பு வாங்கிக்கொண்ட பிறகுதான் ஊற்றின் அருமை தெரியும். மேலே பனி உருகுவது குறைந்துவிடுவதால் குளிர்காலத்தில் ஆறு வற்றி, தெளிந்து, பச்சையாக ஓடும். வெயில் படாத வளைவுகளில் சாலையோரம் கண்ணாடி போல உறைந்து கிடந்தது. அங்கே மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். சாலையோர ஓடை ஒன்றில் விரலை நனைத்த அம்மா உடனே எடுத்துவிட்டார். மார்கழி விடியலில் குழித்துறை ஆற்றில் முங்கிக் குளித்தவர் அவர்.

ஊருக்கு முன்பே, ஆற்றோரம் ஆவி எழுவது தெரிந்தது. "வெள்ளம் கொதிக்குது பாரு மக்களே" என்று அம்மா நின்றுவிட்டார். எங்கள் ஊர்ப் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். உண்மையிலேயே கொதிக்கிறது. இத்தனைக்கும் பக்கத்தில் எரிமலை எதுவும் இல்லை. மழையும் பனிநீரும் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமிச் சூட்டில் காய்ந்து, மேலே வருகின்றன. ஊர் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

அங்குள்ள சீக்கியர்களின் குருத்வாராவில் லங்கர் என்ற இலவசப் பொதுச் சாப்பாட்டுக்கான அரிசியையும் பருப்பையும் இந்த ஊற்றில்தான் வேகவைக்கிறார்கள். வருகிறவர்களும் சிறு துணிப்பையில் அரிசி கட்டி இறக்கலாம். அம்மா வீட்டிலிருந்தே ஒரு பிடி சம்பா அரிசி முடிந்து கொண்டுவந்திருந்தார்! மற்றவர்களின் பச்சரிசி வெந்து கரையேறிவிட்டது. எங்களுடையது வேக வெகுநேரம் ஆனது. அதுவரை பக்கத்திலிருந்த பஞ்சாபிப் பாட்டியோடு, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலே, அம்மா பேசிக்கொண்டிருந்தார். வெந்த சோற்றில் அந்தப் பாட்டிக்கும் ஒரு பங்கு.

குளிக்க ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. அங்கே வெந்நீரோடு குளிர்ந்த நீரைக் கலந்துதான் விடுகிறார்கள். முதலில் காலை மட்டும் நனைத்துப் பாருங்கள். ஐந்து, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், தலை சுற்றும். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஊற்று பொங்கும் இடத்தில் கை வைக்கவே கூடாது. ஆற்றுப் பாறைகளில் இறங்கவும் வேண்டாம், இழுப்பு அதிகம். குருத்வாராவுக்குள் தலையை மூட வேண்டும், ஒரு துவர்த்து (துண்டு) போதும்.

காலையிலேயே நடக்கத் தொடங்குங்கள். குறுகிய பள்ளத்தாக்கு, பிற்பகலிலேயே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். குளித்த உடம்போடு அந்தக் குளிரில் நடக்க வேண்டாம் என்று திரும்பும்போது நாங்கள் பேருந்தில்தான் வந்தோம்.