சேவை வாங்கும் ஏஜென்ட் எப்படிப் பேரம் பேச வேண்டும்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஏபிஐ அழைப்பு (ஒரு நிரல் இன்னொரு நிரலின் சேவையைக் கேட்பது), சர்வர் நேரம், சேமிப்பிடம் போன்றவற்றை ஆள் தலையிடாமல் பேசி வாங்கும் 'ஏஜென்ட்' நிரல்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: என் ஏஜென்டுக்குப் பத்துச் சுற்று கெடு. விலை 40-இல் தொடங்கி 100 வரை போகலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு ஏற்றினால் போதுமா?

பதில்: வேறு விற்பவர் இருந்தால் வேண்டாம். மூன்றாவது சுற்றிலேயே விற்பவரின் ஏஜென்ட் உங்கள் போக்கைக் கணித்துவிடும். சும்மா இருந்தாலே விலை ஏறும் என்று தெரிந்தபின் அது ஏன் இறங்கி வரப்போகிறது? 1998-இல் ஃபராட்டின், சியெரா, ஜென்னிங்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் உள்ள வழியைப் பாருங்கள். கெடுவில் எவ்வளவு பங்கு கழிந்ததோ, அதை 1/பீட்டா அடுக்குக்கு உயர்த்தி, அந்த விகிதத்தில் ஏறுவது. பீட்டா என்பது எவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பது என்று நீங்களே வைக்கும் எண். பாதி நேரம் போனபோது பீட்டா 2 என்றால் உங்கள் விலை 82. பீட்டா 1 என்றால் 70. 0.2 என்றால் வெறும் 42. பத்தில் ஒன்பது பங்கு நேரம் போனபின்தான் அது 75-ஐத் தொடும். இந்தக் கறார் வகையைப் 'போல்வேர்' என்பார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் தொழிற்சங்கங்களிடம் ஒரே பேச்சாக நின்ற லெமுவல் போல்வேரின் பெயர் அது.

ஆனால் இரு தரப்பும் கறாராக இருந்தால் கெடு முடிந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். வேறு விற்பவர் கையில் இருந்தால் பீட்டாவை 0.2 வையுங்கள். இவரை விட்டால் ஆளில்லை என்றால் 1-க்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். பீட்டாவை விட அந்த மாற்று வழிதான் உங்கள் உண்மையான பலம். அதைத் தேடுவதற்கே ஏஜென்டின் பாதி உழைப்பைச் செலவிடுங்கள்.

கேள்வி: எதிராளி எத்தனை சதவீதம் இறங்குகிறாரோ அத்தனை சதவீதம் நாமும் ஏறினால்?

பதில்: 400-இல் தொடங்கி 300-க்கு வருபவர் 25 சதவீதம் இறங்கியிருக்கிறார். பதிலுக்கு நீங்கள் 40-லிருந்து 50-க்குப் போயிருப்பீர்கள். அவரோ இன்னும் உங்கள் உச்சவரம்பைப் போல் மூன்று மடங்கில் நிற்கிறார்! அவர் விலை உங்கள் வரம்புக்கு அருகில் வந்தபின் மட்டும் இந்த உத்தியைத் தொடங்குங்கள்.

கேள்வி: விலை படியவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: விலையை மட்டும் பேசினால் ஒருவர் லாபம் மற்றவர் நட்டம். 99.99 சதவீத இயங்குநேரம் கேட்டால், முப்பது நாளில் நாலரை நிமிடம்கூட நிற்காமல் பார்த்துக்கொள்ளும் பாரம் விற்பவர் தலையில். 99.9 போதும் என்றால் அவருக்கு 43 நிமிட மூச்சு கிடைக்கிறது. உங்கள் வேலை இரவில் மொத்தமாக ஓடுவது என்றால் அந்த நிமிடங்களால் உங்களுக்கு என்ன குறை? அதைக் கொடுத்து விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இதை நிரலில் எழுதுவதும் எளிது. விலை, இயங்குநேரம் போன்றவற்றை வெவ்வேறு விதமாகச் சேர்த்து, உங்களுக்குச் சமமான மதிப்புள்ள பல தொகுப்புகளை உருவாக்கி, எதிராளியின் கடைசிப் பேச்சுக்கு மிக நெருக்கமானதை அனுப்புங்கள். நீங்கள் எதையும் இழக்கவில்லை, பேரமோ நெருங்கி வருகிறது. பேரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கேள்வி: எப்போது 'சரி' சொல்வது?

பதில்: நீங்கள் அடுத்து சொல்லவிருப்பதை விட எதிராளி சொன்னது உங்களுக்குக் குறைவில்லை என்றால், உடனே.

கேள்வி: சாட்ஜிபிடி போன்றவற்றுக்குப் பின்னால் உள்ள பெரிய மொழி மாதிரியையே பேரம் பேச விடலாமா?

பதில்: பேச விடுங்கள், உச்சவரம்பை மட்டும் அதன் காதில் போடாதீர்கள். தெரிந்ததை ஏதோ ஒரு பேச்சில் அது கொட்டிவிடக்கூடும். 'உங்கள் மேலாளர் எவ்வளவு வரை தரச் சொன்னார்' என்று எதிராளி நயமாகக் கேட்டாலே போதும். எந்த விலையும் வெளியே போகும்முன் சாதாரண நிரல் ஒன்று வரம்போடு ஒப்பிட்டுத் தடுக்கட்டும்.

கேள்வி: ஒரே நேரத்தில் பலரிடம் பேசலாமா?

பதில்: பேசியே ஆக வேண்டும். ஆனால் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். என் ஏஜென்ட் இருவரிடம் ஒரே விலையை முன்வைத்தது. இருவரும் சில நொடி இடைவெளியில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரே சேவைக்கு இருவருக்கும் மாதக் கட்டணம் கட்டினோம். அதன்பின் ஒவ்வொரு பேச்சுக்கும் காலாவதி நேரம் வைத்தேன். ஒப்புதல் வந்தாலும், நாங்கள் உறுதி செய்த பிறகே ஒப்பந்தம் என்ற இரண்டாம் படியையும் சேர்த்தேன். ஏஜென்ட்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள ரீட் ஸ்மித் 1980-இல் முன்வைத்த கான்ட்ராக்ட் நெட் முறையிலும் அறிவிப்பு, ஏலக்கேட்பு, ஒப்படைப்பு என்று படிகள் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. அந்தக் கடைசிப் படியைப் பேரம் பேசும் நிரலிடம் விடாமல் தனியாக வையுங்கள்.